காயமும் காவலும்: கோசா ஆண்மைச் சடங்கின் மருத்துவப் பாதுகாப்பு குறித்த வாதங்கள்

ஓர் இளைஞனை ஆணாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு சமூகம் அவன் உடலில் ஒரு காயத்தைக் கேட்கும்போது, அந்தக் காயத்தால் அவன் உயிர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்ற கேள்வி தென்னாப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கிறித்துவ மிஷனரிகள் அதைப் பாவத்தைப் பற்றிய கேள்வியாகவும், 20-ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் தொற்றைப் பற்றிய கேள்வியாகவும், 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு வந்த சட்டமன்றங்கள் உரிமத்தைப் பற்றிய கேள்வியாகவும் எடுத்துக்கொண்டனர். மரபுத் தலைவர்களோ அதை எப்போதும் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியாகவே பார்த்தனர். விடைகள் இத்தனை இருந்தும், ஆண்டுதோறும் குளிர்காலத்திலும் கோடையிலும் இளைஞர்கள் இறப்பது நிற்கவில்லை.

கிழக்குக் கேப் மாகாணத்துக் கோசா மக்களின் ‘உல்வலூக்கோ’ என்னும் ஆண்மைச் சடங்கை இக்கட்டுரை மையமாகக் கொள்கிறது. ஒழிப்பு, ஒழுங்கு, பயிற்சி, மீட்பு என்று இப்பொருளில் சொல்லப்பட்ட ஏறத்தாழ எல்லா நிலைப்பாடுகளும் அங்கே வாதிடப்பட்டும், அவற்றுள் பல நடைமுறையில் சோதிக்கப்பட்டும் இருப்பதே இத்தேர்வுக்குக் காரணம். கென்யாவின் புக்குசு மக்களும் குவாசூலு-நட்டாலின் ஜூலு மக்களும் ஒப்பீட்டுக்காக மட்டும் இடம்பெறுகின்றனர்.

சடங்கின் அமைப்பு

உல்வலூக்கோ ஒரே நாளில் முடிந்துவிடும் அறுவை அன்று. ஊருக்கு வெளியே மரக்கிளைகளையும் புல்லையும் கொண்டு எழுப்பப்படும் ‘இபோமா’ என்ற தற்காலிகக் குடிலில், பெண்களின் கண்ணில் படாமல், உடலெங்கும் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு, ஒரு போர்வையுடன் இளைஞன் வாரக்கணக்கில் தங்கியிருப்பதே அதன் பெரும்பகுதி. இருவர் இதில் பொறுப்பேற்கின்றனர். நுனித்தோலை அறுத்து நீக்குபவர் ‘இங்சிபி’. அவரது வேலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ‘இக்கங்கத்தா’ என்னும் காப்பாளர் அதன் பிறகு புண் ஆறும் வரை உடனிருந்து கட்டு மாற்றுகிறார், உண்பதையும் குடிப்பதையும் கட்டுப்படுத்துகிறார், ஓர் ஆண் எப்படிப் பேச வேண்டும், எதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்.

அறுபட்ட கணத்தில் இளைஞன் தான் ஆண் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. தொடர்ந்து வரும் ஏறத்தாழ எட்டு நாள்கள் மிகக் கடுமையானவை: தண்ணீர் மிகக் குறைவு, உணவில் பல விலக்குகள், உறக்கமும் சொற்பம். இக்கட்டம் முடிந்ததும் ஓர் ஆட்டை அறுத்து விலக்குகளைத் தளர்த்துகின்றனர். புண் ஆறிய பிறகு ஆற்றில் களிமண்ணைக் கழுவி, குடிலையும் அதிலிருந்த பொருள்களையும் எரியவிட்டு, திரும்பிப் பாராமல் இளைஞன் ஊருக்கு வருகிறான். நெல்சன் மண்டேலா 1934-இல், தம் 16-ஆவது வயதில், ம்பாஷே ஆற்றங்கரையில் இச்சடங்குக்கு உட்பட்டதைத் தன்வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். மரபுப்படி, இதைக் கடக்காதவன் எத்தனை வயதானாலும் சிறுவனே. அவனுக்குத் திருமணம் இல்லை, சொத்துரிமை இல்லை, ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் இளைஞர்கள் குடிலைத் தேடிப் போவது இதனால்தான். அதை அறியாமை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சுன்னத்து பெரும்பாலும் சிறுவயதிலேயே முடிந்துவிடுகிறது. கோசா மக்களிடம் அது 18 வயதை ஒட்டி நடப்பதால் மருத்துவச் சிக்கலின் தன்மையே மாறுகிறது. முதிர்ந்த உறுப்பில் இரத்த ஓட்டம் மிகுதி. தையல் போடப்படாத புண் விறைப்பின்போது இழுபட்டு விரிகிறது. ஆறுவதற்கும் கூடுதல் நாள்கள் தேவைப்படுகின்றன. மரபுமுறையில் தையலும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. இரத்தத்தை நிறுத்தக் கட்டு ஒன்றே வழி. பின்வரும் விவாதம் முழுவதும் இந்தக் கட்டைச் சுற்றியே அமைகிறது என்றாலும் மிகையாகாது.

மரணம் நேரும் வழிகள்

செய்தித்தாள்கள் ‘தவறான அறுவை’ என்று எழுதுவது வழக்கம். அறுப்பவரின் கை நடுங்கிக் கத்தி ஆழமாகப் பதிந்தது என்ற சித்திரத்தை அச்சொல் மனத்தில் எழுப்புகிறது. அத்தகைய காயங்கள் உண்டு. உறுப்பின் முனையே வெட்டுண்டவர்களும் கட்டுக்கடங்காத இரத்தப்போக்குக்கு ஆளானவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றனர். ஆயினும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது, சேதத்தின் பெரும்பகுதி வெட்டுக்குப் பிந்தைய நாள்களில் உண்டானதாகத் தெரிகிறது.

முதல் வழி கட்டு. புண்ணின்மேல் மருந்து இலைகளை வைத்து, தோல்வாரால் அல்லது இக்காலத்தில் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டுகின்றனர். இரத்தம் நிற்க வேண்டுமென்றால் கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். உறுப்பு பிழைக்க வேண்டுமென்றால் அதே கட்டை உரிய நேரத்தில் தளர்த்த வேண்டும். தேர்ந்த காப்பாளர் தொடக்க நாள்களில் இரவும் பகலும் அடிக்கடி அதை அவிழ்த்து இலையை மாற்றுகிறார். அனுபவம் இல்லாதவரோ, குடித்துவிட்டு உறங்கிப்போனவரோ அதை மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், முதலில் வீக்கமும் பிறகு மரத்துப்போதலும் உண்டாகி, இரத்தம் செல்லாத பகுதி கறுத்து அழுகுகிறது. வலியை வெளிக்காட்டாமல் இருப்பதே தேர்வாக இருக்கும் இடத்தில், கட்டு இறுகுகிறது என்று சொல்ல வேண்டியவன் வாய் திறப்பதில்லை. உடல் தரும் எச்சரிக்கையைச் சடங்கின் ஒழுக்கமே அடக்கிவிடுகிறது. இத்துறையின் மிகக் கடினமான முடிச்சு இது எனலாம்.

இரண்டாவது, நீரின்மை. தண்ணீர் குடித்தால் புண் ஈரமாகிக் கசியும், குடிக்காவிட்டால் விரைவில் காயும் என்ற நம்பிக்கையால் முதல் வாரத்தில் நீர் மறுக்கப்படுகிறது. இரத்தம் இழந்து, காய்ச்சலும் கண்டிருக்கும் உடலுக்கு இது தாங்க முடியாத சுமை. சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தவர்கள் பலர். மூன்றாவது, சீழ்த்தொற்று இரத்தத்தில் பரவுவது. ஒரே கத்தியால் பலரை அறுக்கும்போது கல்லீரல் அழற்சிக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது. தென் அரைக்கோளத்தில் ஜூன், ஜூலை குளிர்காலம் என்பதால் குளிர்நடுக்கமும் நுரையீரல் அழற்சியும் வருகின்றன. இவை போதாதென்று, பாடம் புகட்டுகிறோம் என்ற பெயரில் நடக்கும் அடிதடியாலும் சிலர் இறந்திருக்கின்றனர். அதை மருத்துவப் பிழை என்று வகைப்படுத்துவதே பொருந்தாது.

க்ரௌலி, கெஸ்னர் என்ற இரு மருத்துவர்கள் கிழக்குக் கேப்பின் சிஸ்கை பகுதியில் சீழ்பிடித்த புண்ணுடன் அனுமதிக்கப்பட்ட 45 இளைஞர்களைப் பற்றி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்ததும், பாதிப்பேருக்கு உறுப்பின் தோல் முழுவதும் அழிந்துபோனதும் பதிவாகின. மாகாண நலவாழ்வுத் துறையின் கணக்குப்படி 2001-க்கும் 2006-க்கும் இடையில் 2,262 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 115 பேர் இறந்தனர். 208 பேர் உறுப்பை இழந்தனர். இவ்வெண்களை எச்சரிக்கையுடனே கையாள வேண்டும். மருத்துவமனைக்கே வராமல் இறந்தவர்கள் இதில் முழுமையாக இல்லை. சட்டவிரோதக் குடில்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாததால், மொத்தப் பேரில் எத்தனை விழுக்காடு என்று சொல்லவும் வழியில்லை.

ஒழிப்பும் இடமாற்றமும்

சடங்கையே கைவிட வேண்டும் என்ற குரலை முதலில் எழுப்பியவர்கள் மிஷனரிகள். அவர்களுக்கு உடல்நலம் இரண்டாம்பட்சம். புறச்சமயச் சடங்கு என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் கள்ளத்தனமாகக் குடிலுக்குப் போனதுதான் அந்த எதிர்ப்பால் விளைந்தது. சடங்கு ஒழியவில்லை, மருத்துவ வசதி இருந்த மிஷன் நிலையங்களிடமிருந்து மறைக்கப்பட்டது. பிற்காலத்துத் தடைகளும் ஏறக்குறைய இதே பாதையில் சென்றன. கொரோனா காலத்தில் 2020-இன் குளிர்காலப் பருவம் நிறுத்தப்பட்டபோதும் மறைவான குடில்கள் முற்றிலும் ஓயவில்லை.

இக்கால மருத்துவர்கள் ஒழிப்பைக் கோருவது அரிது. வெட்டை மருத்துவமனையில் முடித்துக்கொண்டு, தனித்திருத்தலையும் போதனையையும் குடிலில் தொடரலாம் என்பதே அவர்களில் பலரின் யோசனை. தென்னாப்பிரிக்க மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த டேனியல் ந்சயியானா, 2003-இல் எழுதிய தலையங்கத்தில், இம்மரணங்களை நாடு பொருட்படுத்தாமல் இருப்பதைக் கடுமையாகச் சாடினார். இத்தனை இளைஞர்கள் வேறு எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் பெருங்கூச்சல் எழுந்திருக்கும் என்ற ஆதங்கம் அத்தரப்பினர் எழுத்துகளில் பொதுவாகக் காணப்படுவது.

இடமாற்ற யோசனைக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று சமூகத்தது: மருத்துவமனையில் அறுத்துக்கொண்டவனைப் பல ஊர்களில் ஆணாக ஏற்பதில்லை, அவனைக் கேலி செய்கின்றனர், சில வேளை வலிந்து மறுபடியும் குடிலுக்கு இழுத்துச் செல்கின்றனர். மற்றது மருத்துவத்தைச் சேர்ந்தது. விவாதங்களில் போதிய கவனம் பெறாதது. கென்யாவின் பங்கோமா மாவட்டத்தில், இரட்டைப்படை ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதத்தில் சடங்கு நடத்தும் புக்குசு மக்களிடையே பெய்லியும் அவரது குழுவினரும் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மரபுமுறையில் அறுக்கப்பட்டவர்களில் 35 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டது என்றால், மருத்துவ நிலையங்களில் அறுக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. பயிற்சியும் கருவிகளும் போதாத கிராமப்புற மருத்துவ நிலையத்தை, சுவரும் வெள்ளைச் சட்டையும் இருக்கிற ஒரே காரணத்தால் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

மரபு சிதைந்தது என்ற வாதம்

மரபுத் தலைவர்கள் பலரும் கோசா அறிஞர்களில் ஒரு சாராரும் முன்வைப்பது நேரெதிரான விளக்கம். கொல்வது மரபு அன்று, மரபின் சிதைவு என்பது அவர்கள் கூற்று. முன்பு மாதக்கணக்கில் நீடித்த குடில்வாசம் இப்போது பள்ளி விடுமுறைக்குள் மூன்று நான்கு வாரங்களாகச் சுருங்கிவிட்டது. தந்தையர் சுரங்கங்களிலும் நகரங்களிலும் வேலைக்குப் போய்விட, குடிலைக் கண்காணிக்க வேண்டிய பெரியவர்கள் இல்லாமல் போயினர். சென்ற ஆண்டு ஆணானவனே இந்த ஆண்டு காப்பாளர் ஆகிறான். நம்பிக்கையும் கொடையும் சார்ந்திருந்த உறவு ரொக்கப் பணத்துக்கு மாறியதும், வயது பார்க்காமல் சிறுவர்களைச் சேர்த்து லாபம் பார்ப்பவர்கள் முளைத்தனர். மதுவும் போதையும் உள்ளே வந்தன.

இவ்வாதத்துக்கு வலுவான சான்று, ம்பொண்டோ மக்கள் வாழும் பொண்டோலாந்து. ம்பொண்டோ மக்களிடம் விருத்தசேதனம் 19-ஆம் நூற்றாண்டில் ஃபாக்கு மன்னர் காலத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. போர்ச்சூழலும் நோயச்சமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அண்மைப் பத்தாண்டுகளில், கோசா நண்பர்களிடமும் சுரங்க விடுதிகளிலும் ‘சிறுவன்’ என்று ஏளனம் பெற்ற ம்பொண்டோ இளைஞர்கள் சடங்கைத் தாமாகவே மீட்டெடுத்தனர். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறுப்பவரும் காப்பாளரும் அங்கே இல்லை. சடங்கு வந்தது, அதைத் தாங்கும் அறிவு உடன் வரவில்லை. லுசிகிசிகி, ஃப்ளாக்ஸ்டாஃப், லிபோடே ஆகிய ஊர்களைச் சுற்றிய பகுதி மாகாணத்து மரணங்களில் பெரும்பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொண்டதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கிழக்குக் கேப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த 2013-இன் குளிர்காலத்திலும் பொண்டோலாந்தே மையமாக இருந்தது.

ஆனாலும் இந்த விளக்கத்தை முழுதாக ஏற்பதற்குத் தடையுண்டு. மேலே சொன்ன 45 இளைஞர்களும் வந்தது, சடங்கு இடையறாமல் தொடர்ந்த சிஸ்கை பகுதியிலிருந்து. முற்காலத்தில் யாரும் இறக்கவில்லை என்ற நம்பிக்கையைச் சரிபார்க்கவும் வழியில்லை. குடிலில் இறந்தவனை அங்கேயே புதைத்து, ஊரில் ஒப்பாரி இல்லாமல் முடித்துவிடும் வழக்கம் இருந்ததாக இனவரைவியல் குறிப்புகள் சொல்கின்றன. எண்ணப்படாத மரணங்களைக் கொண்டு ஒரு பொற்காலத்தைக் கட்டுவது எளிது. நீர் மறுப்பும் இறுக்கமான கட்டும் அந்நியர் கொண்டுவந்தவை அல்ல. அவற்றின் ஆபத்தைத் தணித்த கைப்பக்குவம் போனது உண்மை. ஆபத்தே புதிது என்பது உண்மையாகத் தோன்றவில்லை.

சட்டத்தின் பாதை

கிழக்குக் கேப் சட்டமன்றம் 2001-இல் மரபு விருத்தசேதனத்தில் நலவாழ்வுத் தரங்களைக் கடைப்பிடிப்பதற்கான சட்டத்தை இயற்றியது. அறுப்பவரும் குடில் நடத்துபவரும் அரசு மருத்துவ அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும். இளைஞனுக்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மீறினால் அபராதமும் சிறையும். பின்னர் வந்த 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், சமய, மருத்துவக் காரணங்கள் இல்லாமல் 16 வயதுக்குட்பட்டவர்களை அறுப்பதை நாடெங்கும் தடைசெய்து, அதற்கு மேற்பட்டவன் மறுக்கும் உரிமையையும் ஏற்றது. கிழக்குக் கேப்பில் 2016-இல் புதிய சட்டமும், நாடு முழுமைக்குமாக 2021-இல் வழக்காற்றுத் தீட்சைச் சட்டமும் தொடர்ந்தன.

முதல் சட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பு கூர்மையானது. ஆண்களின் ரகசியமான ஒரு சடங்குக்கு, வேற்றூர்க்காரரோ பெண்ணோ ஆன மருத்துவ அலுவலர் அனுமதி தருவதா என்று மரபுத் தலைவர்கள் கேட்டனர். பண்பாட்டு உரிமையையும் உடல்மீதான உரிமையையும் ஒருங்கே வாக்களித்த அரசியலமைப்பு, அவை மோதும் இடத்தில் சட்டத்தின் வழியாகச் சடங்குக்குள் நுழைவதை லூயிஸ் வின்சென்ட் போன்ற அரசியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளின் ஒளியில் பார்த்தால், எதிர்த்தவர்கள் எல்லாரும் மருத்துவத்தை வெறுத்தவர்கள் அல்லர். சடங்கின் மீதான அதிகாரம் கைமாறுவதையே பலர் எதிர்த்தனர். இதை உணர்ந்தோ என்னவோ, 2001-இன் சட்டம் நலவாழ்வுத் துறையைச் சார்ந்திருக்க, 2021-இன் சட்டம் மரபு விவகாரங்களுக்கான அமைச்சகத்தின் பொறுப்பில் வந்து, தேசிய மேற்பார்வைக் குழுவிலும் மாகாண ஒருங்கிணைப்புக் குழுக்களிலும் மரபுத் தலைவர்களுக்கு முதன்மையான இடம் தந்தது.

சட்டத்தின் பயனை மதிப்பிடுவது கடினம். பதிவுபெற்ற குடில்களைவிடப் பதிவில்லாதவற்றில் மரணம் அதிகம் என்று அதிகாரிகள் தொடர்ந்து கூறுகின்றனர். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் கவனமான பெற்றோரும் தேர்ந்த காப்பாளரும்தான் பதிவுக்கு முன்வருவார்கள் என்பதால், பதிவு பாதுகாப்பைத் தந்ததா, பாதுகாப்பாக நடப்பவர்கள் பதிவு செய்தார்களா என்று பிரித்தறிய முடிவதில்லை. மேலும் இச்சட்டங்களின் எடை முழுவதும் தொடக்கத்தில் இருக்கிறது: யார் அறுக்கலாம், எந்த வயதில், எந்தக் காகிதத்துடன். காப்பாளரைச் சட்டம் குறிப்பிடாமல் இல்லை. ஆனால் அனுமதிச்சீட்டை நண்பகலில் சரிபார்க்கலாம். நள்ளிரவில் கட்டு தளர்த்தப்பட்டதா என்று சரிபார்க்க ஓர் ஆள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

பயிற்சி என்னும் நடுவழி

தடைக்கும் தலையிடாமைக்கும் இடையில், அறுப்பவர்களுக்கும் காப்பாளர்களுக்கும் நவீனத் தூய்மை முறைகளைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற வழி இயல்பாகவே பலருக்கும் ஏற்புடையது. கார்ல் பெல்ட்சரும் உடன் ஆய்வாளர்களும் கிழக்குக் கேப்பில் 34 அறுப்பவர்களுக்கும் 49 காப்பாளர்களுக்கும் ஐந்து நாள் பயிற்சி அளித்து, அவர்களின் பொறுப்பில் இருந்த 192 இளைஞர்களைப் பதினான்காம் நாள் பரிசோதித்து, முடிவுகளை 2008-இல் வெளியிட்டனர். ஐந்தில் ஒருவருக்குப் புண் ஆறுவது தாமதமாகியிருந்தது; 16 விழுக்காட்டினருக்கு இலேசான தொற்று இருந்தது; பத்தில் ஒருவருக்குத் தோல் போதிய அளவு நீக்கப்படவில்லை. பெரும்பாலானவை இலேசான சிக்கல்கள் என்பது ஆறுதல். ஆயினும் இதை அப்படியே விரிவாக்கலாம் என்று சொல்லுமளவுக்குப் பயன் உறுதிப்படவில்லை என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டனர்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. ஐந்து நாள் பயிற்சியில் கையுறை அணியவும், ஒருவருக்கு ஒரு கத்தி வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கலாம். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து இது ஆறும், இது அழுகும் என்று வேறுபடுத்துவதும், பிறகு தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று இளைஞனை வண்டியில் ஏற்றுவதும் வேறு வகைத் திறன்கள். பின்னது திறன்கூட அன்று, துணிவு. பயிற்சித் திட்டங்களின் அளவீடுகளில் இத்துணிவுக்கு இடமில்லை.

எச்.ஐ.வி. கொண்டுவந்த திருப்பம்

தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ரக்காய் ஆகிய இடங்களில் நடந்த மூன்று ஆய்வுகள், விருத்தசேதனம் பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு வரை குறைப்பதாகக் காட்டின. உலக நலவாழ்வு நிறுவனம் 2007-இல் அதைத் தடுப்பு வழிகளில் ஒன்றாகப் பரிந்துரைத்ததும், அதுவரை தேவையற்றதாகவோ ஆபத்தாகவோ மட்டும் பார்க்கப்பட்ட ஒரு வெட்டு திடீரென்று பொதுநலத் திட்டமானது. மரபைக் காப்பவர்கள் இதைத் தங்கள் முன்னோரின் அறிவுக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்டனர். அவ்வாறு கொள்வதற்கு ஆய்வுகள் இடம் தரவில்லை: அவை தூய்மையான முறையில், தோலை முழுமையாக நீக்கிய அறுவைகளைப் பற்றியவை.

ஷாக்கா மன்னர் காலத்தில் சடங்கைக் கைவிட்ட ஜூலு மக்களிடையே, 2009-இல் குட்வில் ஸ்வேலித்தினி மன்னர் அதை மருத்துவமனை வழியாகவே மீட்க முடிவுசெய்தார். இது சடங்கையும் வெட்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஆனால் குவாசூலு-நட்டாலில் தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்ட ‘டாரா கிளாம்ப்’ என்ற பிளாஸ்டிக் கவ்வி, ஆரஞ்சு ஃபார்மில் நடந்த ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வில் 37 விழுக்காட்டினருக்குச் சிக்கல் தந்திருந்தது. வழக்கமான அறுவையில் அது 3 விழுக்காடு. நவீனக் கருவி என்பதாலேயே ஒன்று மரபைவிடப் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கு அரசே அறியாமல் ஒரு சான்றை அளித்தது. ஜூலு மக்களிடம் எளிதாக இருந்தது கோசா மக்களிடமும் எளிதாக இருக்கும் என்பதும் ஐயத்துக்குரியது. முன்னவரிடம் போட்டிக்கு நிற்கும் பழைய குடில் ஒன்று இல்லை.

ரகசியமும் வெளிச்சமும்

குடிலில் நடப்பதைப் பெண்களிடமோ அறுபடாதவர்களிடமோ பேசக் கூடாது என்ற விதி, ஆய்வாளர் தெம்பெலா கெப்பே 2010-இல் எழுதிய கட்டுரையின் மையப்பொருள். ரகசியம் சடங்குக்கு மதிப்பைத் தருகிறது. அதே ரகசியம், தாயால் மகனின் நிலையை விசாரிக்க முடியாமலும், செவிலியரால் குடிலுக்குள் நுழைய முடியாமலும், காவல்துறையால் சாட்சி பெற முடியாமலும் செய்கிறது. பொண்டோலாந்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஒருவர் 2014-இல் காயங்களின் படங்களைப் பொதுவெளியில் வெளியிட்டபோது, மரபுத் தலைவர்கள் கொதித்தெழுந்து தணிக்கை வாரியத்திடம் முறையிட்டனர். தாண்டோ ம்கொலோசானாவின் 2009-ஆம் ஆண்டு நாவலும், 2017-இல் வெளிவந்த ‘இன்க்செபா’ திரைப்படமும் அதே சினத்தைச் சந்தித்தன. நாவலாசிரியர் கோசா மரபைச் சேர்ந்தவராகவே இருந்தும் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை.

வெளிச்சம் உயிர் காக்கும் என்பது மருத்துவரின் நியாயம். வெளியார் கையில் வெளிச்சம் அவமதிப்பாகி, அவமதிப்பு மறைப்பை இன்னும் இறுக்கும் என்பது மறுதரப்பின் நியாயம். இரண்டுக்கும் சான்று உண்டு. கேப் டவுனைச் சுற்றியுள்ள குடில்களில் மரணம் ஒப்பீட்டளவில் மிகக் குறைவாகப் பதிவாவது, சாலையும் மருத்துவமனையும் அருகில் இருப்பதாலா, அங்குள்ள குழுக்கள் ஆண் செவிலியரை நம்பி உள்ளே விடுவதாலா என்பது தனியே ஆராயத்தக்கது.

தீராதவை

இதுவரை சொன்னவற்றில் சிலவற்றை ஓரளவு உறுதியாகக் கொள்ளலாம். நீரும் உரிய நேரத்தில் தளர்த்தப்படும் கட்டும் காலம் தாழ்த்தாத மருத்துவமும் கிடைத்தால் மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தடை மட்டும் போதாது என்பதற்கு வரலாறும், மருத்துவமனை மட்டும் போதாது என்பதற்குப் பங்கோமாவும் சான்று. இவற்றுக்கு அப்பால் உள்ளவை தெளிவில்லாதவை.

முதல் வாரத்தில் தாராளமாகத் தண்ணீர் கொடுத்தால் சடங்கு சடங்காகவே இருக்குமா என்பதை மருத்துவம் தீர்மானிக்க இயலாது. ஆர்னால்டு வான் ஜெனப் 1909-இல் வகுத்த பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்ற மூன்று கட்டங்களில் இடைநிலையின் துன்பமே மாற்றத்தை உண்டாக்குகிறது என்று வாதிடுவோர் உண்டு. கோசா பெரியவர்களுள் சிலரோ, துன்பம் என்பது தனிமையும் கட்டுப்பாடும்தான், தாகம் அன்று என்கின்றனர். எத்தனை ஊர்களில் எந்தக் கருத்து மேலோங்குகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு தேவை. வயது வரம்பும் அப்படியே. 16 வயதில் ஒப்புதல் தருகிறவன், மறுத்தால் வாழ்நாள் முழுவதும் சிறுவன் என்ற நிலையில் தரும் ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லவில்லை; சொல்லவும் முடியாது.

உயிர் பிழைத்து உறுப்பை இழந்தவர்களின் நிலை எல்லாத் தரப்பினரின் வாதங்களிலும் விளிம்பிலேயே நிற்கிறது. கேப் டவுனின் டைகர்பெர்க் மருத்துவமனையில் 2014 டிசம்பரில், சடங்கில் உறுப்பை இழந்த 21 வயது இளைஞர் ஒருவருக்கு ஆந்த்ரே வான் டெர் மெர்வெ தலைமையிலான குழு ஒன்பது மணி நேர அறுவையில் வேறொருவரின் உறுப்பைப் பொருத்தியது; உலகில் நீடித்து வெற்றி கண்ட முதல் ஆணுறுப்பு மாற்று அறுவை அது. நூற்றுக்கணக்கானோருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. காயம் ஆறாமல் மருத்துவமனைக்குப் போனவன் சடங்கை முடித்தவனா இல்லையா, ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு இடம் உண்டா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. மரண எண்ணிக்கை ஆண்டுதோறும் அமைச்சரின் அறிக்கையில் வெளிவரும்போது, இவர்களுக்கான நீண்டகால உளநலச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் பொறுப்பு நலவாழ்வுத் துறைக்கா, மரபு விவகார அமைச்சகத்துக்கா, குடிலை நடத்தியவருக்கா என்பது இன்னும் வரையறுக்கப்படாமலே இருக்கிறது.